[கலைச்சொல்] சப்டக்‌ஷன்: அமிழ்வா, செருகலா, ஆழ்கோளா?

கோட்டையூர் ஆசிரியை, செவ்வாய் இரவு

குழுவினருக்கு வணக்கம். அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு சின்னக் கையேடு தயாராகிறது. காற்றில் இருக்கும் கார்பன் எப்படிப் பூமியின் அடி ஆழத்துக்குப் போகிறது, அதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதுதான் பொருள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் காரைக்குடியில் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்; அதற்குப் பிறகு அவர்களுக்கு முகூர்த்தப் பத்திரிகை வேலை குவிந்துவிடும். மற்ற சொற்களை ஒருவாறு முடித்துவிட்டேன். மூன்று மட்டும் நிற்கின்றன: சப்டக்‌ஷன், ஸ்லாப், டீப் கார்பன் சைக்கிள்.

நிலவியல் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். பூமியின் மேற்பரப்பு நகரும் பெரும் பாறைத் தட்டுகளால் ஆனது. நடுக்கடல் முகடுகளில் கடலடித் தட்டு சூடாகப் பிறக்கிறது. முகட்டை விட்டு விலக விலகக் குளிர்ந்து கனக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டு கழித்து ஓர் அகழியில், அதாவது கடலடியின் நீண்ட பள்ளத்தில், வளைந்து இன்னொரு தட்டுக்கு அடியில் இறங்குகிறது. வெறுமனே இறங்குவதில்லை. கடலுயிரிகளின் ஓடுகள் படிந்த சுண்ணாம்பு வண்டல், புதைந்த உயிர்ப்பொருள், பாறை விரிசல்களில் கடல்நீர் படியவைத்த கார்பனேட்டு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு இறங்குகிறது. 2015இல் கெலமன், மேனிங் என்ற நிலவியலாளர் இருவரும் போட்ட கணக்கில் இப்படி உள்ளே போகும் கார்பன் ஆண்டுக்கு 4 கோடி முதல் 6.6 கோடி டன்.

அந்த ‘இறங்குகிறது’ என்ற இடத்துக்குத்தான், அதாவது சப்டக்‌ஷனுக்கு, சொல் வேண்டும். ‘கீழமிழ்தல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். “மேலே அமிழுமா டீச்சர்? அப்புறம் எதுக்குக் கீழ்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். நியாயமான கேள்வி.


தேவகோட்டைப் புலவர், புதன் விடியற்காலை

அம்மா, உங்கள் மாணவிக்கு என் வாழ்த்து. நன்னூல் படிக்காமலே மிகைபடக் கூறலைப் பிடித்துவிட்டாள்.

நம்மிடம் ‘கடல்கோள்’ இருக்கிறது. கடல் நிலத்தைக் கொள்வது கடல்கோள். படு, பாடு ஆவதுபோல, கெடு, கேடு ஆவதுபோல, கொள் முதல் நீண்டு கோள். முதனிலை திரிந்த தொழிற்பெயர். இங்கே ஆழம் தட்டைக் கொள்கிறது. ஆகவே ஆழ்கோள். நாலே எழுத்து. ஆழ்கோள் மண்டலம், ஆழ்கோள் எரிமலை, ஆழ்கோள் நடுக்கம் என்று எந்தப் பக்கமும் கிளைக்கும்.

கொள் என்பதன் பரப்பையும் பாருங்கள். கொள்கலம், கொள்முதல், கொள்ளை, கொள்கை, கோடல், கொண்டி. பெறுவதும் கொள்தான், உள்ளே வாங்கி வைத்திருப்பதும் கொள்தான். நீங்கள் விளக்கிய நிகழ்விலும் இரண்டும் இருக்கின்றன: ஆழம் கார்பனைப் பெறுகிறது, பிறகு வைத்திருக்கிறது. ஒரே வேரில் இரண்டு பொருளும் கிடைக்கும்போது ஏன் வேறு சொல் தேடவேண்டும்? குமரிக்கோட்டைக் கொடுங்கடல் கொண்டதைச் சொன்ன மரபு நம்முடையது. இந்த நிகழ்வுக்கு நம் மரபுச் சொல்லே முன் நிற்கவேண்டும் என்பது என் விருப்பம்.


நெற்குப்பை மொழிபெயர்ப்பாளர், புதன் காலை

ஐயா, இலக்கணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் ‘கோள்’ என்றால் செவ்வாயும் வியாழனும்தான். ‘ஆழ்கோள்’ என்றதும் நெப்டியூனுக்கு அப்பால் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைக்கும். வீட்டிலோ கோள் சொல்வது, கோள் மூட்டுவது. இரண்டையும் தாண்டித்தான் உங்கள் பொருளுக்கு வரவேண்டும். ஒரு கலைச்சொல் வாசகரிடம் இவ்வளவு வேலை வாங்கக் கூடாது.

என் பரிந்துரை: செருகல். ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில் சாய்வாகப் போகிறது. கூரையில் ஓலை செருகுகிறோம், இடுப்பில் முந்தானை செருகுகிறோம். பேச்சில் சொருகு. எந்தப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை.

‘செருகு பிறவினையாயிற்றே, யார் செருகுகிறார்கள்?’ என்று ஐயா கேட்பார். ‘காய்ச்சலில் கண் செருகுகிறது’ என்கிறோமே, அதில் யார் செருகுகிறார்கள்? கண் தானாகச் செருகுகிறது. தன்வினைக்கும் அந்த வினை பொருந்தும். செருகு மண்டலம், செருகு எரிமலை, செருகு விளிம்பு. வினையாக எழுதும்போதுதான் இதன் அருமை தெரியும்: “இந்தியத் தட்டு பர்மாத் தட்டுக்கு அடியில் செருகுகிறது.” ஆழ்கோளை வைத்து இந்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். “ஆழ்கோளுக்கு உட்படுகிறது” என்றுதான் வரும். வினையாகப் புழங்காத சொல் பாடநூலின் அருஞ்சொல் பட்டியலைத் தாண்டி வெளியே வராது.


சிவகங்கை நிலவியலாளர், புதன் மாலை

பல வருஷம் கிராஃபைட் சுரங்கத்துப் பக்கம் உழைத்தவன் என்ற உரிமையில் சில வார்த்தை.

முதலில் குமரிக்கண்டத்தைத் தள்ளி வைத்துவிடுவோம். கண்ட மேலோடு எடை குறைந்தது, அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறக்குறைய 2.7 மடங்கு. அதனால் பெரும்பாலும் அது கீழே போகாது. மோதினால் மடிந்து உயரும். இமயம் அப்படி வந்ததுதான். கீழே போவது கடலடித் தட்டு. கையேட்டில் ‘கடல்கோள்’ சாயல் வந்தால் பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். ஐயா பொறுத்தருள வேண்டும்.

இனி செருகலைப் பற்றி. செருகல் என்றால் பின்னாலிருந்து ஏதோ தள்ளுகிறது என்ற எண்ணம் வருகிறது. நடப்பது அதற்கு நேர்மாறு. குளிர்ந்த தட்டு தன் எடையாலேயே இறங்குகிறது. சில பத்துக் கிலோமீட்டர் ஆழம் போனதும் அதன் பசால்ட்டு எக்லோகைட்டு என்ற பாறையாக மாறுகிறது, அடர்த்தி 3.5ஐ ஒட்டி வரும், சுற்றிலும், மேலோட்டுக்கு அடியில் இருக்கும் கவசப் பாறைக்கு 3.3தான். கனத்துப்போன முன்பகுதி பின்பகுதியை இழுக்கிறது. தட்டுகளை நகர்த்தும் விசைகளில் இந்த இழுப்புதான் பெரியது என்பது இன்றைய கருத்து. சப்டக்‌ஷன் என்ற பெயரையே 1951இல் ஆல்ப்ஸ் மலையை ஆராய்ந்த அம்ஸ்டுட்ஸ் கொண்டுவந்தார். இலத்தீன் வேருக்குக் கீழே இட்டுச்செல்வது, இழுப்பது என்று பொருள். தன் எடையால் தானே போவதற்குத் தமிழில் சொல் இருக்கிறது: அமிழ். ‘கீழ்’ வேண்டாம். அமிழ்வு போதும்.

கீழே இறங்கிய தட்டுப் பகுதியான ஸ்லாபுக்குப் பாளம். தங்கப் பாளம், பனிப்பாளம் என்று புழக்கத்தில் இருப்பதுதான். அமிழ்பாளம், பாள இழுப்பு. இதில் சண்டை வராது என்று நம்புகிறேன்.


கோட்டையூர் ஆசிரியை, புதன் இரவு

பாளம் உறுதி, நன்றி. மற்றதில் எனக்கு ஒரு தயக்கம்.

அமிழ்வது தண்ணீரில். ஊருணியில் குடம் அமிழும். ‘தட்டு கவசத்துக்குள் அமிழ்கிறது’ என்று எழுதினால், உள்ளே எல்லாம் நெருப்புக் குழம்பு என்று பிள்ளைகள் ஏற்கெனவே வைத்திருக்கும் எண்ணம் இன்னும் இறுகும். அந்த ஒன்றை மாற்றவே எனக்கு வருஷத்தில் பாதி போய்விடுகிறது. கவசம் திடப்பாறை, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் கணக்கில் ஊர்ந்து ஓடும் திடப்பாறை. பாறை உருகுவது சில இடங்களில் மட்டும்தான். அதிலும் அமிழ்பாளத்துக்கு மேலே பாறை உருகக் காரணம் சூடு மட்டுமில்லை, பாளத்திலிருந்து கசிந்து ஏறும் நீர்தான் உருகுநிலையைக் குறைக்கிறது. சொல்லே தவறான படத்தைக் கொடுத்துவிட்டால் நான் எவ்வளவு விளக்கினாலும் நிற்காது.


பள்ளத்தூர் ஆச்சி, வியாழன் காலை

டீச்சர், எனக்கு இலக்கணமும் நிலவியலும் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இந்த இழையை ஒன்று விடாமல் படித்தேன்.

எங்கள் ஐயாவும் அப்பச்சியும் மேடானில் கடை வைத்திருந்தவர்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போய், அங்கிருந்து சுமத்ரா. இந்தியத் தட்டு இறங்குகிற அந்த அகழியைத் தாண்டித்தானே போயிருப்பார்கள்? 2004 டிசம்பர் 26 அன்று அதே இடம்தானே அசைந்தது?

கையேட்டுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டு முகப்பைப் பழுது பார்த்தபோது பழைய முறைப்படியே பூசினோம். கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, மணல் கலந்து அரைத்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளையும் கடுக்காய்ச் சாறும். கொத்தனார் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். கையில் சொரசொரப்புத் தட்டினால் திரும்ப அரைக்கச் சொல்லிவிடுவார். சுடும்போது கிளிஞ்சலிலிருந்து கரியமில வாயு போய்விடுகிறது, பூசின பிறகு சுவர் காற்றிலிருந்து அதைத் திரும்ப வாங்கி இறுகுகிறது என்று பேத்தி படித்துவந்து சொன்னாள். பூமிக்குள்ளேயும் அதுதானே நடக்கிறது? கடல் சிப்பி கீழே போய்ச் சுடப்படுகிறது, வாயு எரிமலை வழியாக வெளியே வருகிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காளவாயைச் சொன்னால் போதும்.

அப்புறம், கரிமம் கிரிமம் என்று போட்டுவிடாதீர்கள். கார்பன் என்றே இருக்கட்டும்.


சிவகங்கை நிலவியலாளர், வியாழன் மதியம்

ஆச்சி, அதே இடம்தான். அந்த அதிர்வில் ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்குப் பிளவு ஓடியது. அந்த அகழிக்குள் போவதும் நமக்குப் பக்கத்து மண்தான். கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து கொண்டுவந்த வண்டல் வங்கக் கடலடியில் ஏறக்குறைய 3,000 கி.மீ. நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது. இலை தழையின் கார்பன் அதில் நிறையப் புதைந்திருக்கிறது. எல்லாம் உள்ளே போவதில்லை. பெரும்பகுதி சுரண்டப்பட்டு மேல்தட்டின் விளிம்பில் குவிகிறது. அந்தமான் தீவுகளே அப்படிக் குவிந்து எழுந்தவை. அவற்றுக்குக் கிழக்கே, அமிழ்ந்த பாளத்துக்கு நேர்மேலே, பாரன் தீவு எரிமலை. நெடுங்காலம் அடங்கிக் கிடந்து 1991இல் மறுபடி வெடித்தது. மேடானுக்குப் பக்கத்தில் இருக்கும் தோபா ஏரியும் அதே வரிசை எரிமலையின் வாய்தான், சுமார் 74,000 ஆண்டுக்கு முன் வெடித்தது.

காளவாயை அவசியம் சேர்க்கலாம். ஆனால் எந்த இடம்வரை பொருந்தும் என்பதையும் எழுத வேண்டும். காளவாய் திறந்தது, ஏறக்குறைய 900 டிகிரியில் கிளிஞ்சல் தன் எடையில் நூற்றுக்கு 44 பங்கை வாயுவாக விட்டுவிடும். 100 கி.மீ. ஆழத்தில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 30,000 மடங்கு. அந்த அழுத்தத்தில் வாயு பிரிய முடியாது, சுத்தமான சுண்ணாம்புக்கல் சிதையாமலே கீழே போகும். அதை அவிழ்ப்பவை இரண்டு. ஒன்று, அருகிலுள்ள சிலிக்காவோடு வினைபுரிந்து கால்சியம் சிலிக்கேட்டாக மாறி வாயுவை விடுவது. இன்னொன்று, பாளத்திலிருந்து பிழிந்து வரும் நீர் கார்பனேட்டைக் கரைத்து மேலே தூக்கிப் போவது. கரைதல் இவ்வளவு பெரிய வழி என்று தெரிந்தது அண்மையில்தான். 2014இல் கிரேக்கத் தீவுப் பாறைகளில் அதன் தடயத்தைக் காட்டினார்கள். ஆகவே ‘சுடப்படுகிறது’ என்று மட்டும் எழுதினால் பாதிதான் சரி.

எவ்வளவு திரும்புகிறது என்பதில்தான் ஆராய்ச்சியாளர்கள் பிரிகிறார்கள். கெலமன், மேனிங் கணக்கில், உள்ளே போவதில் பெரும்பங்கு மேல்தட்டின் பாறைகளிலும் எரிமலைகளிலும் வந்துவிடுகிறது. அடி ஆழத்துக்குப் போவது கொஞ்சம்தான். 2019இல் கோஸ்டா ரிகாவில் ஆராய்ந்தவர்கள், எரிமலைக்குப் போய்ச் சேருமுன்பே ஒரு பங்கு மேலோட்டில் கால்சைட்டு என்ற சுண்ணாம்புக் கனிமமாகப் படிந்துவிடுகிறது என்றார்கள். ஆனால் கொஞ்சமாவது கடைசிவரை போகிறது என்பதற்கும் சாட்சி உண்டு. பிரேசிலின் ஜுயினா வைரங்களை 2011இல் ஆராய்ந்தார்கள். சிலவற்றுக்குள் 660 கி.மீ.க்கும் கீழே உண்டாகும் கனிமங்களின் தடயம் இருந்தது. அந்த வைரங்களின் கார்பனோ மேற்பரப்பில் உயிரினம் தொட்ட கார்பனின் சாயலில் இருந்தது. கடலடியிலிருந்து போன கரி வைரமாகித் திரும்பியிருக்கிறது.

டீச்சருக்கு ஒரு எச்சரிக்கை: டன் கணக்கை எழுதும்போது கார்பனா, கார்பன் டை ஆக்சைடா என்று ஒவ்வொரு இடத்திலும் போடுங்கள். 12 கிலோ கார்பன் என்றால் 44 கிலோ டை ஆக்சைடு. எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு விடுவது 28 கோடி முதல் 36 கோடி டன் டை ஆக்சைடு என்று 2019இல் ஆழ்நிலக் கார்பன் ஆய்வுத் திட்டத்தார் சொன்னார்கள். மனிதர் விடுவது 3,500 கோடி டன்னுக்கும் மேல். ஏறத்தாழ நூறு மடங்கு. ‘எல்லாம் எரிமலைதான் காரணம்’ என்று யாராவது சொன்னால் பிள்ளைகள் இந்த எண்ணோடு பதில் சொல்லட்டும்.


தேவகோட்டைப் புலவர், வியாழன் இரவு

ஆழ்கோளுக்கு ஆதரவு இல்லை என்று தெரிகிறது. சரி. ஆனால் அமிழ்வைப் பற்றி நண்பர் சொல்லாத ஒன்று இருக்கிறது.

ழகர ஒற்றில் முடியும் வினைகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: ஆழ், தாழ், வீழ், கவிழ், அமிழ். எல்லாம் கீழ்நோக்கியவை. மூழ்குவதிலும் அதே ழகரம். ‘கீழ்’ என்ற சொல்லே அந்த வரிசைதான். வாழ், சூழ், திகழ் என்று விலகுபவையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இத்தனை சொல் ஒரு பக்கம் சாய்வது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அமிழ்தம் என்ற சொல்லையும் அமிழோடு சேர்த்துப் பார்க்கலாமா என்று நெடுநாளாக ஒரு எண்ணம் உண்டு. அது இன்னொரு நாளைக்கு.

இப்போது முக்கியமானது. அமிழ் என்பதில் முதலெழுத்தை மட்டும் மாற்றினால் உமிழ். உள்ளே போவது அமிழ்வு, வெளியே வருவது உமிழ்வு. வாயு உமிழ்வு என்று செய்தித்தாளிலேயே எழுதுகிறார்கள், பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல். ஆசிரியையின் கையேடு முழுவதும் இந்த இரண்டைப் பற்றியதுதானே? போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு. அமிழ்வு, உமிழ்வு. ஒரு சொல்லைக் கேட்டால் மற்றது தானாக நினைவுக்கு வரும். செருகலுக்கு இப்படி ஓர் இணை கிடைக்குமா?

கார்பன் விஷயத்தில் மட்டும் நான் இணங்க மாட்டேன். கரிமம் என்ற நல்ல சொல் இருக்கும்போது கடன் எதற்கு?


கோட்டையூர் ஆசிரியை, வியாழன் இரவு

ஐயா, கரிமத்தில் எனக்குள்ள சிக்கல் நடைமுறைச் சிக்கல். எங்கள் பாடநூலில் கரிம வேதியியல் என்பது உயிர்ப்பொருள் சார்ந்த சேர்மங்களின் வேதியியல், கனிம வேதியியல் அதற்கு எதிர். இந்தக் கையேட்டில் சுண்ணாம்பில் இருக்கும் கார்பன் ஒரு வகை, உயிர்ப்பொருளில் இருக்கும் கார்பன் இன்னொரு வகை. கரிமம் என்று போட்டால் முதலாவதைக் கனிமக் கரிமம் என்றும் இரண்டாவதைக் கரிமக் கரிமம் என்றும் எழுத வேண்டிவரும். வேதியியல் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இதை எப்படி வாசிப்பாள்? கார்பன் என்றே வைக்கிறேன். ஆழ்நிலக் கார்பன் சுழற்சி. மன்னிக்க வேண்டும்.

அமிழ்வு–உமிழ்வு இணை எனக்குப் பிடித்துப்போயிற்று. கவசம் குழம்பு இல்லை என்பதை முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டுவிடுகிறேன். மழைநீர் காற்றிலுள்ள டை ஆக்சைடோடு பாறையை அரிப்பது, அரித்த கால்சியம் ஆறு வழியாகக் கடலில் சேர்ந்து ஓடாவது, ஓடு வண்டலாவது, வண்டல் தட்டோடு அமிழ்வது, மீதி உமிழப்படுவது என்று ஒரே படத்தில் சுற்றுப் பாதையாக வரையப்போகிறேன். சிவகங்கை கிராஃபைட்டையும் ஓர் ஓரத்தில் சேர்க்கலாமா?


சிவகங்கை நிலவியலாளர், வெள்ளி விடியற்காலை

தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் ‘அமிழ்ந்து வந்தது’ என்று எழுத வேண்டாம். கோண்டுவானா என்ற பழம் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன், மேலோட்டின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்த பாறைகளுக்குள் இருக்கும் கார்பன் என்று எழுதினால் சரியாக இருக்கும். ஒரு துண்டு கொண்டுவந்து தருகிறேன், பிள்ளைகள் காகிதத்தில் தேய்த்துப் பார்க்கட்டும். விரலில் ஒட்டும், சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும். ஆழத்துக்குள் இருந்த கார்பன் இப்படி இருக்கும் என்று கையில் கொடுத்துச் சொல்லலாம்.


நெற்குப்பை மொழிபெயர்ப்பாளர், வெள்ளி காலை

பெரும்பான்மை அமிழ்வின் பக்கம் போய்விட்டது. கையேட்டில் அதுவே இருக்கட்டும், அச்சுக்கு நேரமாயிற்று, நான் தடுக்கவில்லை. ஆனால் என் மறுப்பு பதிவாக வேண்டும்.

இணை அழகாக இருப்பதாலேயே ஒரு சொல் சரியாகிவிடாது. அமிழ்வு உமிழ்வு என்று ஓசையில் பொருந்தும்போது, அமிழ்ந்ததெல்லாம் உமிழப்படும் என்ற எண்ணம் தானாக வந்து சேரும். சிவகங்கை அண்ணன் நேற்று இவ்வளவு விளக்கியது அப்படி இல்லை என்பதைத்தானே? ஒரு பங்கு மேலோட்டிலேயே தங்குகிறது, ஒரு பங்கு வைரம் வரைக்கும் போகிறது. கணக்கு நேர் ஆகவில்லை என்பதுதான் இந்தத் துறையின் கேள்வியே. டீச்சர் சொன்ன தண்ணீர்ச் சிக்கலும் தீரவில்லை. கட்டம் கட்டி எச்சரிக்க வேண்டியிருக்கிறது என்றால் சொல்லில் குறை இருக்கிறது என்றுதான் பொருள்.

நான் இப்போது மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் நிலநடுக்கப் புத்தகத்தில் செருகல் என்றே எழுதப்போகிறேன். மெய்ப்புப் பார்க்கும் நண்பர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறீர்கள், மாற்றிவிட வேண்டாம்.

இன்னொன்று. டிரெஞ்சுக்கு எல்லாரும் அகழி என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். அகழி என்பது கோட்டையைச் சுற்றி மனிதர் அகழ்ந்தது. கடலடியில் தானாக உண்டான பள்ளத்துக்கு அது எப்படிப் பொருந்தும்?


தேவகோட்டைப் புலவர், வெள்ளி காலை

அகழ் என்ற வினையும் ழகரத்தில்தான் முடிகிறது. தொல்காப்பியத்திலிருந்து தொடங்க வேண்டிய விஷயம் இது. மாலைக்குள் விரிவாக எழுதுகிறேன்.